ஒலிவாங்கி யார் பக்கம் நிற்கிறது? ரசூல் பூக்குட்டியின் பாதையும் நம் குரலும்

அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிய ஒரு காலனிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாக்குமூலம் பதிவு செய்யப் போயிருந்தோம். எழுபதைத் தாண்டிய ஓர் ஆயா. பொதுக் குழாயடியில் குடத்தை முன்னால் வைத்ததற்காக ஊர்க்காரர் ஒருவர் அவரை நடுத்தெருவில் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தார். ஆயா முக்கால் மணி நேரம் பேசினார். கைபேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு, ரெக்கார்டு ஓடுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டு, நாங்கள் குறிப்பெடுத்தோம். இரவு பெரம்பலூர் திரும்பிப் போட்டுக் கேட்டால் பாதி காற்று, மீதி சிமெண்ட் ஆலைக்குப் போகும் டிப்பர் லாரி. அந்த ஆள் என்ன சொன்னான் என்று ஆயா சொல்லும் இடத்தில், சரியாக அந்த இடத்தில், ஒரு ஏர்ஹாரன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் படித்த தோழர்களுக்கு இதன் இழப்பு புரியும். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்வதை 2015 திருத்தம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அங்கே எந்தச் சொல் என்பதுதான் வழக்கே. ‘கேவலமாகப் பேசினார்’ என்று நம் நடையில் எழுதிக் கொடுத்தால் வழக்கு நீர்த்துப்போகும். அதே திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, இச்சட்டத்தின் கீழ் நடக்கும் நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சட்டம் நம் குரலைப் பதிந்து வைக்கச் சொல்கிறது. நமக்கோ பதியத் தெரியவில்லை. முதுகலை சமூகவியலில் நேர்காணல் எடுப்பது எப்படி என்று ஒரு தாளே படித்தோம். மைக்கை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அந்த வெட்கத்தில்தான் ஒலிப்பதிவு பற்றித் தேட ஆரம்பித்தோம். தேடல் சினிமாவில் போய் நின்றது. சினிமாவில் சாதி பற்றி நம் தோழர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்: கதை, வசனம், நாயகனின் மீசை, சுவரில் மாட்டிய படம் வரை. ஒலியைப் பற்றி எழுதியது குறைவு. படத்தில் பேசும் குரல் யாருடையது, அது எங்கே பதிவானது, பதிந்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. அதில் நாயகி தமிழில் பேச, எதிரில் இருப்பவர் தெலுங்கில் பேசினார். பேசியதே அதிசயம் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1935-இல், ‘நந்தனார்’ வந்தது. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய் அன்றைக்குப் பெரும் பேச்சு. 1942-இல் ஜெமினி எடுத்த ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகர். இருவரும் பெரும் பாடகர்கள், அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: தமிழ்த் திரையில் முதன்முதலாகப் பேச வந்த பறையர், பண்ணையில் வேலை செய்யும் கூலியாள், மேடைக் கச்சேரியின் சங்கீதத்தில்தான் வாய் திறக்க முடிந்தது. சேரி திரைக்கு வந்தது. சேரியின் பேச்சு வரவில்லை.

பிறகு பின்னணிப் பாடல் வந்தது. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வசதியான, ஆனால் இரைச்சல் போடும் கேமராக்கள் வந்தன. படப்பிடிப்பில் யார் என்ன சத்தம் போட்டாலும் கவலையில்லை, எல்லாவற்றையும் டப்பிங் தியேட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கமாயிற்று. 1977-இல் ‘16 வயதினிலே’ படப்பிடிப்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது என்று எல்லோரும் எழுதுகிறோம். உண்மைதான், கேமரா போனது. மைக் கோடம்பாக்கத்திலேயே இருந்துவிட்டது. அதற்குப் பிந்தைய கிராமத்துப் படங்களில் நாம் கேட்ட காலடிச் சத்தம், குடம் வைக்கும் சத்தம், வைக்கோல் சரசரப்பு எல்லாம் குளிரூட்டிய அறைக்குள் ஒருவர் படத்தைப் பார்த்துக்கொண்டே செய்து காட்டியவை. வெள்ளைத் தோல் நடிகைக்குக் கறுப்பு மை பூசி நம் வீட்டுப் பெண்ணாக நிறுத்த முடிந்ததற்கும் டப்பிங்தான் வழிவிட்டது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, வாழ்க்கை மட்டும் நம்முடையது!

இதற்கு மாற்று என்ன என்றால், நடிக்கும்போதே அந்த இடத்தில் ஒலியைப் பதிவது. லைவ் சவுண்ட், சிங்க் சவுண்ட் என்பார்கள். மலையாளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணன் 1972-இல் ‘சுயம்வர’த்துக்கு நாக்ரா என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை வைத்து இதைச் செய்தார். அவருக்காகப் பதிந்தவர் பி. தேவதாஸ். ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’, ‘அனந்தரம்’ என மூன்று அடூர் படங்களின் ஒலிப்பதிவுக்கு தேசிய விருது பெற்றவர் அவர். அடூரின் பெயர் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு தேவதாஸைத் தெரியும்? தமிழில் கமல்ஹாசன் 2004-இல் ‘விருமாண்டி’யை லைவ் சவுண்டில் எடுத்ததைப் பெருமையாகச் சொன்னார்கள். ‘சண்டியர்’ என்ற பெயருக்கு எதிர்ப்பு வந்து மாற்றிய அதே படம்தான். தொழில்நுட்பம் ஒரு பக்கமும் அரசியல் இன்னொரு பக்கமும் இழுப்பது நமக்குப் பழகிய கதை.

இனி ரசூல் பூக்குட்டிக்கு வருவோம். 1971-இல் கொல்லம் மாவட்டம் அஞ்சல் பக்கம் விளக்குப்பாறையில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. அப்பா தனியார் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். ஊரில் மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பு, பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம். ரசூல் தலித் அல்ல, ஏழை முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஆனாலும் இந்தக் குழந்தைப்பருவத்தைப் படிக்கும்போது குன்னம் பக்கத்துப் பையன் ஒருவனைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது. இயற்பியல் படித்தார். திருவனந்தபுரத்தில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். புனே திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் சட்டத்தை விட்டுவிட்டுப் போனார். பிற்காலத்தில் அதையும் முடித்தார் என்பது வேறு விஷயம். 1995-இல் ஒலிப் பொறியியல் முடித்து மும்பை.

அங்கே அவருக்குக் கதவு திறந்தது சின்னப் படங்கள்தான். 1997-இல் ரஜத் கபூரின் ‘பிரைவேட் டிடெக்டிவ்’, பிறகு ‘ஸ்பிளிட் வைட் ஓபன்’. நட்சத்திரம் இல்லாத, பணம் இல்லாத படங்களில்தான் படப்பிடிப்பு இடத்து ஒலியைப் பிடித்துப் பார்க்கும் துணிச்சல் இருந்தது. பெரிய படங்களில் நாயகன் வசனத்தை மனப்பாடம் செய்து வரமாட்டார். ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஓடும். நூறு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ‘சத்தம் போடாதீர்கள்’ என்று சொல்ல வேண்டியவர் ஒலிப்பதிவாளர். படப்பிடிப்புக் குழுவின் அதிகார வரிசையில் அவர் எந்த இடத்தில் இருக்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் அந்தச் சொல் எடுபடும்.

இந்தத் தொழிலில் உள்ள வேலைகளை மாணவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். படப்பிடிப்பில் நீண்ட கோலில் மைக்கைத் தொங்கவிட்டு நிற்பவர் பூம் ஆள். பதிவுக்குப் பொறுப்பானவர் இடத்து ஒலிப்பதிவாளர். படத்தில் எது கேட்கவேண்டும், எது கேட்கக்கூடாது, எந்த இடத்தில் எல்லாம் அடங்கவேண்டும் என்று திட்டமிடுபவர் ஒலி வடிவமைப்பாளர். கடைசியில் வசனம், இசை, சத்தம் மூன்றையும் அளவு பார்த்துக் கலப்பவர் கலவையாளர். எங்களுக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, யாரும் பேசாத அந்த இடத்தின் ஒலியை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ தனியாகப் பதிந்துகொள்வார்கள். ரூம் டோன் என்று பெயர். ஓர் அறையின் அமைதி இன்னோர் அறையின் அமைதி போல் இருக்காதாம். வெட்டி ஒட்டும்போது இடையில் விழும் ஓட்டையை அந்த இடத்து அமைதியைக் கொண்டுதான் அடைக்க முடியும்.

‘பிளாக்’ 2005-இல் ரசூலுக்குப் பெயர் வாங்கித் தந்தது. பிறகு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’. மும்பைக் குடிசைப் பகுதிகளின் சந்துகளில், ஓடும் பிள்ளைகளுக்கு நடுவில், அந்த இடத்திலேயே ஒலியைப் பதிந்தார். 2009 பிப்ரவரியில் ஒலிக்கலவைக்கான ஆஸ்கர் அவருக்கும் இயன் டாப், ரிச்சர்ட் பிரைக் ஆகியோருக்கும் கிடைத்தது. அந்தப் படத்தின் பெயரில் இருக்கும் ‘நாய்’க்காகவே குடிசை மக்கள் வீதியில் இறங்கிப் போராடியதையும் மறக்கக்கூடாது. விருது மேடையில் ரசூல் ‘ஓம்’ என்ற ஒலியைத் தந்த நாட்டிலிருந்து வருவதாகச் சொன்னார். எங்களுக்கு அது நெருடியது. தாராவியில் பதிந்த ஒலிக்குக் கிடைத்த விருது, வேதத்தின் கணக்கில் போய் வரவு வைக்கப்பட்டது போலிருந்தது. இது எங்கள் மனக்குறை. அவரை நிறுத்துவைக்கும் தராசு இது ஒன்று மட்டும் இல்லை.

அதன் பிறகுதான் கதை நமக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. ஆஸ்கர் வாங்கியவருக்கு வேலை குவியும் என்று நினைப்போம். இந்தித் திரையுலகில் தனக்கு வேலை கொடுக்க ஆளில்லாமல் போனதாகவும், மனம் உடைந்துபோகும் நிலைக்கு வந்ததாகவும், பிற மொழிப் படங்களே தன்னைத் தாங்கியதாகவும் 2020-இல் அவரே வெளிப்படையாக எழுதினார். தமிழில் ‘எந்திர’னும், ஒரே ஒருவர் மட்டும் திரையில் தோன்றும் ‘ஒத்த செருப்பு’ம் அவர் வேலைதான். ‘ஒத்த செருப்’பின் ஒலிக்கலவைக்குப் பிபின் தேவுடன் சேர்ந்து தேசிய விருது பெற்றார். அறைக்குள் நுழைய விடுவது வேறு, உட்கார நாற்காலி போடுவது வேறு என்று நம் அலுவலகத் தோழர்கள் சொல்வார்கள்.

2022 ஜூலையில் நடந்ததை இளம் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 68-ஆவது தேசிய விருதுகளில், படப்பிடிப்பு இடத்து ஒலிப்பதிவுக்கான விருது ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குப் போனது. மேய்ச்சல் சமூகத்தின் டொள்ளு மேளத்தைப் பற்றிய படம். அந்தப் படம் லைவ் சவுண்டில் எடுக்கப்படவே இல்லை, முழுக்க டப்பிங் செய்யப்பட்டது என்று ரசூல் பொதுவெளியில் எழுதினார். படத்தின் ஒலி வடிவமைப்பாளரான நிதின் லூகோஸே அதை ஆமாம் என்றார். விருது தன் படத்துக்கு வந்திருக்கும்போது ‘இது தப்பு’ என்று சொன்ன நேர்மை பெரிது. வயநாட்டுக்காரர் நிதின், அவரும் புனேயில் படித்தவர். மாண்டியா பக்கத்துக் கிராமத்து மக்களே நடித்து, அவர்கள் பேச்சிலேயே பேசிய ‘திதி’க்கு ஒலி அமைத்தவர். பிறகு ‘பகா’ என்ற படத்தை இயக்கி 2021-இல் டொரண்டோ விழா வரை கொண்டுபோனார்.

எங்களுக்கு இதில் உறைப்பது இதுதான். நாட்டின் உயர்ந்த நடுவர் குழு ஒரு மேளத்தின் கதையைப் பார்த்தது. அந்த ஒலி மண்ணில் பதிவானதா, அறையில் பதிவானதா என்று அதற்குத் தெரியவில்லை. ஒலிக்கான விருது 2009-ஆம் ஆண்டுப் படங்கள் முதல் இடத்து ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்பு, கலவை என்று மூன்றாகப் பிரித்துத் தரப்பட்டது. 70-ஆவது விருதுகளில் மறுபடி ஒன்றாக்கி ‘ஒலி வடிவமைப்பு’ என்று மட்டும் வைத்துவிட்டார்கள். வெயிலில் பூம் பிடித்து நிற்பவரின் வேலைக்கு இருந்த தனி விருதும் அதோடு போயிற்று.

மேளம் என்றதும் இன்னொன்று. திருச்சூர் பூரத்தின் மேளத்தை முழுமையாகப் பதிவு செய்வது ரசூலின் நெடுநாள் ஆசை, செய்தும் காட்டினார், அதை வைத்து ‘தி சவுண்ட் ஸ்டோரி’ என்று படமும் வந்தது, அவரே நடித்தார். நல்ல வேலை. கோயில் மேளத்துக்குக் கிடைத்த அந்த மரியாதையோடு எந்த ஊர் சாவுப் பறையை யார் பதிந்தார்கள்? ஊரார் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நம் பெரியவர்கள் பறையைக் கீழே வைத்ததும் போராட்டம், இன்று பிள்ளைகள் அதை மேடையில் எடுத்து அடிப்பதும் போராட்டம். இரண்டு தலைமுறைக்கும் நடுவில் எத்தனை அடிமுறைகள் யார் காதிலும் பதியாமல் போயினவோ. சினிமாவுக்குப் பறை என்றால் குத்துப்பாட்டுக்கு நடுவே வரும் எட்டு வினாடிதான்.

சுயாதீன சினிமாவில் ஒலி நம் பக்கம் நின்ற படங்களும் உண்டு. நாக்ராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’ 2013-இல் வந்தது. அது கைக்காடி மொழிச் சொல். தமிழோடு உறவுள்ள மொழி அது. படத்தின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள், நம் ‘பன்றி’ காதில் விழும். அந்தக் குடும்பம் ஊருக்காகப் பன்றி பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து தேசிய கீதம் கேட்கிறது. எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள். பன்றி தப்பித்து ஓடுகிறது. பாட்டு எங்கிருந்து வருகிறது, இவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற தூரத்தைத்தான் அந்தக் காட்சி காதில் போடுகிறது.

தமிழில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024-இல் வந்தது. பின்னணி இசை என்று ஒரு துளி இல்லை. சுரேனும் அழகியகூத்தனும் ஒலி வடிவமைத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பையனை நேசித்த பெண்ணைப் பேய் பிடித்தவளாக்கிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். அந்தப் பெண் ஏறக்குறைய பேசுவதே இல்லை. மாமனுக்கோ தொண்டை கட்டிக் குரல் கரகரக்கிறது. ஆட்டோ இரைச்சல், பைக், சேவல், காற்று இவைதான் மீதி. படம் ‘மெதுவாகப் போகிறது’ என்று நம் தோழர்கள் சிலரே அலுத்துக்கொண்டார்கள். வயலின் வந்து ‘இங்கே அழு’ என்று சொல்லிப் பழகிவிட்டது நமக்கு. சாதி வெறியோடு ஒரு வண்டிக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த ஒலியில்தான் எங்களுக்குப் புரிந்தது.

சரி, நம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போக வழி என்ன? ரசூலின் பாதையைத் திரும்பிப் பார்த்தால், விளக்குப்பாறைக்கும் மும்பைக்கும் நடுவில் இருந்தது ஓர் அரசுக் கல்லூரி. அந்தக் கதவுதான் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. கட்டண உயர்வை எதிர்த்து 2019 டிசம்பரில் புனே மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கோட்டயத்தில் கே.ஆர். நாராயணன் பெயரிலேயே ஒரு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவரின் பெயர். அங்கே ஒலிப்பதிவும் பாடமாக உண்டு. இடஒதுக்கீட்டு இடங்கள் மறுக்கப்படுகின்றன, தூய்மைப் பணிப் பெண்கள் இயக்குநரின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தப்படுகிறார்கள் என்று குற்றம் சாட்டி 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறக்குறைய ஐம்பது நாள். 2023 ஜனவரியில் இயக்குநர் விலகினார். அவருக்காக வாதாடிய நிறுவனத் தலைவரும் அந்த மாதக் கடைசியில் விலகினார். அந்தத் தலைவர் அடூர் கோபாலகிருஷ்ணன். 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரம் மாநாட்டு மேடையில், அரசு நிதியில் படமெடுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கு முதலில் பயிற்சி தரவேண்டும் என்று அவர் பேசியபோது, பாடகி புஷ்பவதி எழுந்து எதிர்த்தார். ‘சுயம்வர’த்தில் மைக்கை வெளியே கொண்டுவந்தவர்தான், அந்த மைக்கை நாம் பிடிக்கும் நாளில் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார். கோட்பாடு ஒரு கூட்டத்திடம், பட்டறிவு இன்னொரு கூட்டத்திடம் என்று கோபால் குரு 2002-இல் சமூக அறிவியல் துறையைக் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம்.

நம் பகுதியில் ஒலி தெரிந்த பிள்ளைகள் இல்லாமலா இருக்கிறார்கள்? காலனிக்கு ஒருவனாவது மைக் செட் கடையில் வேலை செய்கிறான். குழாய் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பினால் கீ என்று இரையும், எந்தத் தெரு வரை கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். எந்தத் தெருப் பக்கம் திருப்பினால் அடிதடி வரும் என்பதும் தெரியும். சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்குத் தனிப் படிப்பு இருக்கிறது, பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம், இடஒதுக்கீடு உண்டு என்று இதுவரை ஆறேழு பள்ளிகளில் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஆசிரியர்களுக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

அந்த ஆயாவிடம் இரண்டாம் முறை போனபோது அப்படி ஒரு மைக் செட் தம்பியைக் கூட்டிப்போனோம். வந்ததும் திண்ணை வேண்டாம் என்றான். வீட்டுக்குப் பின்னால், லாரி போகும் ரோட்டுக்கு முதுகு காட்டி ஆயாவை உட்கார வைத்தான். காலர் மைக்கின் தலையில் பஞ்சைச் சுற்றிக் கட்டி, முந்தானை உரசாத இடமாகப் பார்த்துக் குத்தினான். ஆயா மறுபடி முழுதும் சொன்னார். அந்தச் சொல்லையும் சொன்னார், அந்த ஆள் சொன்ன அதே ராகத்தில். இந்த முறை தெளிவாக விழுந்தது.

முடிந்ததும், எங்கேயோ படித்ததை நினைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். தம்பி மெஷினை ஓடவிட்டான்.

“பேசாம இருக்கறத எதுக்குப்பா புடிக்கிறீங்க?” என்றார் ஆயா.

“இதுவும் வேணும் ஆயா. செத்த இருங்க.”

அந்தப் பதிவு எங்களிடம் இருக்கிறது. ஆடு ஒன்று தழை கடிக்கிறது. தூரத்தில் சுரங்கத்துப் பக்கம் வண்டி ஏதோ ரிவர்ஸ் எடுக்கிறது. ஊர்க் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு, சொல் புரியாத தூரத்தில். ஆயா மூச்சு விடுவது பக்கத்தில் கேட்கிறது.